தவளையும் தேரையும் எப்படி நண்பர்கள்? தொடக்க வாசகர்களின் அத்தியாயக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு, அதாவது ஆறிலிருந்து எட்டு வயதுக்குள், எந்தக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது என்று யோசிக்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்கள். இந்த வகை தனி வகையாக வளர்ந்தது அங்கேதான். நம் ஊர் ஆங்கில மீடியம் பிள்ளைகள் கைக்கு வருவதும் பெரும்பாலும் அவைதான். அதிகமாகப் பேசப்போவது ஆர்னால்ட் லோபல் எழுதி, அவரே படமும் வரைந்த தவளை–தேரை ('ஃப்ராக் அண்ட் டோட்') கதைகளைப் பற்றி. எனக்கு அவை பிடிக்கும், அது ஒரு காரணம். பிள்ளைகளின் நட்பு பற்றிப் பெற்றோருக்கு வருகிற சந்தேகங்களில் பாதிக்கு மேல் அந்தக் கதைகளில் எங்கேயோ தலைகாட்டுகின்றன, அது இன்னொன்று.

அத்தியாயப் புத்தகம் என்கிறீர்களே, படப்புத்தகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

படப்புத்தகத்தைப் பெரியவர் வாசிக்க, குழந்தை மடியில் உட்கார்ந்து பார்க்கும். அதில் படத்தை எடுத்துவிட்டால் பாதிக் கதை போய்விடும். நாவலுக்குப் படம் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலகட்டம் இருக்கிறது: பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் நாலு வரிக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். அந்தக் காலகட்டத்துக்கான புத்தகம் இது. பெரிய எழுத்து, குட்டி வாக்கியம், பக்கத்துக்குப் பக்கம் படம், ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய அத்தியாயம்.

இதிலும் இரண்டு படி உண்டு. முதல் படியில் தவளை–தேரை போன்றவை: 64 பக்கம், ஐந்து தனித்தனிக் கதைகள். அடுத்த படியில் ஒரே கதை பத்துப் பன்னிரண்டு அத்தியாயமாக ஓடும், நூறு பக்கத்தைத் தாண்டும். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதிலேயே பிள்ளைக்கு ஒரு பெருமை. அதைக் குறைத்து எடை போடாதீர்கள்.

இந்த வகை எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில் 1950களில் ஒரு சண்டை நடந்தது. பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் உப்புச்சப்பில்லாமல் இருக்கின்றன, அதனால்தான் பிள்ளைகள் வாசிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று 1954-இல் எழுத்தாளர் ஜான் ஹெர்சி 'லைஃப்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு ருடால்ஃப் ஃப்ளெஷ், எழுத்தையும் ஒலியையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்காமல் சொல்லை முழுசாகப் பார்த்து மனப்பாடம் செய்யவைக்கிற முறையையே போட்டுத் தாக்கினார். அதற்குப் பதில்போல 1957-இல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று டாக்டர் சூஸின் தொப்பிப் பூனை ('தி கேட் இன் த ஹேட்'). வெறும் 236 சொற்களை வைத்து எழுதியது. இன்னொன்று ஹார்ப்பர் பதிப்பகத்தின் 'ஐ கேன் ரீட்' வரிசையில் முதலாவதாக வந்த 'லிட்டில் பேர்'. எல்சே மினாரிக் எழுதினார், மாரிஸ் செண்டாக் வரைந்தார். மினாரிக் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை என்பது அந்தப் புத்தகத்தை வாசித்தாலே தெரியும்.

தவளையும் தேரையும் வந்தது அதே ஹார்ப்பர் வரிசையில்தான். 1970, 1972, 1976, 1979 என்று நான்கு புத்தகம், மொத்தம் 20 கதை. முதல் புத்தகத்துக்குப் படங்களுக்காக, அமெரிக்கக் குழந்தைப் புத்தக விருதான கால்டிகாட்டின் கௌரவம் கிடைத்தது. இரண்டாவதுக்கு எழுத்துக்காக, அங்கேயே இன்னொரு விருதான நியூபெரியின் கௌரவம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்காக எழுதிய குட்டி வாக்கியங்களை இலக்கியம் என்று ஒப்புக்கொண்டார்கள் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

(நம் பக்கத்தில், கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் தொடங்கியதும் அதே 1957-இல்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனால் நல்ல வருஷம்.)

ஏன் இத்தனை புத்தகங்களில் இரண்டே இரண்டு நண்பர்கள்?

ஆறு வயதுப் பிள்ளையின் கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவதே பெரும்பாடு. அதில் எட்டுப் பாத்திரங்களின் பெயரையும் நினைவில் வைக்கச் சொன்னால் கதை கைநழுவிவிடும். இரண்டு பேர் என்றால் பேச்சை வைத்தே கதையை ஓட்டலாம். ஒருவர் நெடியவர், ஒருவர் குள்ளம். ஒருவருக்கு எல்லாவற்றிலும் அவசரம், இன்னொருவருக்கு எல்லாவற்றிலும் கவலை. யார் பேசுகிறார் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலும் பள்ளியிலும் இந்த வயதுப் பிள்ளையின் நாளைப் பெரியவர்கள்தான் நடத்துகிறார்கள். நண்பனோடு இருக்கும் நேரத்தில் மட்டும் அந்தப் பிள்ளையே முடிவெடுக்கிறது. அதனால்தான் இந்தக் கதைகளில் அம்மா அப்பாவை ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். தவளைக்கும் தேரைக்கும் ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு சமையலறை. பெரியவர்கள் போல வாழ்கின்றன, பிள்ளைகள் போல நடந்துகொள்கின்றன.

நல்ல நட்பைக் காட்டும் புத்தகம் என்று எதை வைத்துச் சொல்வது?

எல்லோரும் எப்போதும் இனிமையாக இருப்பதை வைத்து அல்ல. நான் பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று, ஒருவர் எரிந்து விழுந்த பிறகு என்ன நடக்கிறது? இரண்டு, இருவருக்கும் அவரவர் விருப்பம், அவரவர் வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறதா?

முதலாவதற்கு, தொலைந்த பொத்தான் கதை. நீண்ட நடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தேரையின் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். கால் வலியோடு வந்த வழியே இருவரும் திரும்பப் போய்த் தேடுகிறார்கள். தவளை ஒன்றைக் கண்டுபிடிக்கிறது; அது இல்லை. சிட்டுக்குருவி ஒன்றைக் கொண்டுவருகிறது, அதுவும் இல்லை. ஒன்று கறுப்பு, ஒன்றில் இரண்டு துளை, ஒன்று சின்னது. தேரைக்குக் கோபம் தலைக்கேறி, உலகம் முழுக்கப் பொத்தான், ஆனால் என்னுடையது மட்டும் இல்லை என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடுகிறது. பார்த்தால் பொத்தான் வீட்டுத் தரையிலேயே கிடக்கிறது. தேரை அப்புறம் செய்ததுதான் கதை: கிடைத்த அத்தனை பொத்தானையும் அந்தச் சட்டையில் தைத்து, மறுநாள் தவளைக்குக் கொடுத்துவிடுகிறது. 'மன்னிச்சுக்கோ' என்ற பேச்சே இல்லை. தவளையும் அதைக் கேட்டு நிற்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தோஷத்தில் குதிக்கிறது. சாரி சொல்லு, சொல்லு என்று பிள்ளையின் முதுகைத் தள்ளுகிற நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

இரண்டாவதற்கு, கடைசிப் புத்தகத்தின் கடைசிக் கதை. தவளையைத் தேடித் தேரை போனால், வீட்டில் தவளை இல்லை. கதவில் ஒரு சீட்டு: தனியாக இருக்க விரும்புகிறேன். நான் இருக்கும்போது எதற்குத் தனிமை என்று தேரைக்குக் குழப்பம். தவளை தூரத்தில் ஒரு தீவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சோகமாக இருக்கிறதோ என்று பயந்து, சாண்ட்விச்சும் ஐஸ் டீயும் கட்டிக்கொண்டு, ஆமை முதுகில் ஏறிப் புறப்படுகிறது. நடுத்தண்ணீரில் தவறி விழுந்து சாப்பாடெல்லாம் நனைகிறது. தவளை சோகமாகவே இல்லை. காலையில் எழுந்ததும் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றியதாம். அதை உட்கார்ந்து யோசிக்கத்தான் தனியாக வந்ததாம். பிறகு இருவரும் ஈர சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பன் தனியாக இருக்க ஆசைப்பட்டால் உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ள நாற்பது வயதுக்காரர்களே திணறுகிறார்கள். இங்கே அது ஆறு வயதுக்குரிய வாக்கியங்களில் இருக்கிறது.

தேரையின் கனவு என்றொரு கதையும் உண்டு. மேடையில் நின்று உலகிலேயே பெரிய கலைஞன் தான்தான் என்று தேரை ஒவ்வொரு வித்தையாகக் காட்டுகிறது. ஒவ்வொரு வித்தை முடிந்ததும் பார்வையாளர் இருக்கையில் தவளையைப் பார்த்து, உன்னால் இது முடியுமா என்கிறது. முடியாது என்று சொல்லச் சொல்லத் தவளை சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் காணாமலே போய்விடுகிறது. தேரை அலறி எழுந்தால் பக்கத்தில் வழக்கமான அளவிலேயே தவளை. பெருமை பீற்றக் கூடாது என்று ஒரு வரி கூட அதில் கிடையாது. எனக்கு அந்த 20 கதையில் மிகவும் பிடித்தது இதுதான். சில பிள்ளைகளுக்கு இது லேசாகப் பயமாக இருக்கும். முதல் தடவை கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

நண்பன் நண்பனைப் பார்த்துச் சிரிக்கிறானே, அது கேலி இல்லையா?

குளிக்கப் போகிற கதையைத்தான் கேட்கிறீர்கள். நீச்சல் உடையில் தான் வேடிக்கையாகத் தெரிவோம் என்று தேரைக்குக் கூச்சம். தவளையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஆற்றில் இறங்கிவிடுகிறது. பிறகு ஆமை, பல்லி, பாம்பு, எலி எல்லாம் அதைப் பார்ப்பதற்கென்றே கரையில் கூடிவிடுகின்றன. போய்விடச் சொல்லித் தவளை கேட்கிறது, யாரும் நகரவில்லை. குளிர் தாங்காமல் தேரை வெளியே வர, எல்லோரும் சிரிக்கிறார்கள், தவளையும்தான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டால், நீ வேடிக்கையாகத்தான் இருக்கிறாய் என்கிறது. ஆமாம், அதிலென்ன சந்தேகம் என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு தேரை வீட்டுக்குப் போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டு முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. எனக்கும் இது கொஞ்சம் கரடுமுரடான கதைதான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: கண்ணை மூடச் சொன்னபோது தவளை மூடிக்கொண்டது, கூட்டத்தைக் கலைக்க முயன்றது, தானாகப் போய் எதையும் கிளப்பவில்லை. நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொல்லவும் இல்லை. இது பிள்ளையோடு பேசத் தோதான கதை. 'தவளை சிரிக்காம இருந்திருக்கலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

முதல் கதையிலேயே தவளை ஏமாற்றுகிறதே?

ஏமாற்றுகிறதுதான். தேரை நவம்பரிலிருந்து தூங்குகிறது, மே பாதியில் எழுப்பு என்கிறது. அதுவரை தனியாக இருக்கப் பிடிக்காத தவளை, நாட்காட்டித் தாள்களைக் கிழித்துக்கொண்டே வந்து, ஏப்ரல் தாளையும் கிழித்து, மே வந்தாச்சு என்று சொல்லி எழுப்பிவிடுகிறது. குழந்தைகள் இந்த இடத்தில் கைதட்டிச் சிரிப்பார்கள், ஏனென்றால் தேரைக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். பொய்யை ஆதரிக்கிற கதை என்று இதைத் தள்ளிவைக்க வேண்டாம். இரண்டு நண்பர்களும் குற்றமற்றவர்களாக இருந்தால் கதையும் இருக்காது.

இந்த வயதுக்குச் சாகசம் என்றால் எவ்வளவு?

பிள்ளை அன்றாடம் பழகும் எல்லைக்கு ஓரடி அப்பால் போனாலே போதும். தொடங்கிய வீட்டுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

தவளையும் தேரையும் ஒருநாள் வீரர்கள் பற்றிய கதைகளைப் படித்துவிட்டு, நாமும் தைரியசாலிகள்தானா என்று கண்ணாடியில் பார்க்கிறார்கள். பார்க்கத் தைரியசாலிகள் போலத்தான் தெரிகிறது. ஆனால் உறுதி செய்ய மலை ஏறுகிறார்கள். குகையிலிருந்து பாம்பு வருகிறது. கற்கள் உருண்டு வருகின்றன. பருந்தின் நிழல் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் குதித்து ஓடிக்கொண்டே, எங்களுக்குப் பயமில்லை என்று கத்துகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருவர் போர்வைக்குள், இன்னொருவர் அலமாரிக்குள். இதைவிட நேர்மையான சாகசக் கதை எனக்குத் தெரியாது. பயந்ததை இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை, இருவருக்குமே தெரியும், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

கொஞ்சம் பெரிய சாகசம் கேட்கிற பிள்ளைக்கு 1992-இல் தொடங்கிய மேஜிக் ட்ரீ ஹவுஸ் வரிசை இருக்கிறது. ஜாக் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே நடப்பான். தங்கை ஆன்னி யோசிக்காமல் முன்னால் ஓடுவாள். டைனோசர் காலத்துக்கே போய்வந்தாலும் மரவீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வாக்கியங்கள் லோபல் அளவுக்கு அழகில்லை. ஆனால் வேகமாக வாசிக்கப் பழக இதுபோன்ற தொடர்கள் நல்லவை, அதைப் பற்றி நான் மூக்கைச் சுளிக்க மாட்டேன்.

பேய்க்கதை, பயமுறுத்தும் காட்சி வேண்டாமா?

பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து பயப்படுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும். லோபலிலேயே அப்படி ஒன்று உண்டு: இருட்டு நேரத்தில் அடுப்புத் தீக்கு முன்னால் தேநீரோடு உட்கார்ந்து தவளை ஒரு பேய்க்கதை சொல்கிறது. நிஜமா என்று தேரை கேட்டால், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறது. இருவர் கையிலும் கோப்பை நடுங்குகிறது, அந்த நடுக்கம் இருவருக்குமே சுகமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து எடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தேட வேண்டுமா?

தேவையில்லை. ஆனால் பெண்கள் நடுவில் இருக்கும் கதைகள் ஆண் பிள்ளைகள் கையிலும் இருக்க வேண்டும். ஆன்னி பாரோஸ் எழுதி சோஃபி பிளாக்கால் வரைந்த 'ஐவி அண்ட் பீன்' 2006-இல் தொடங்கியது. எதிர்வீட்டு ஐவியோடு விளையாடு, அவள் நல்ல பெண் என்று அம்மா சொல்லச் சொல்ல, பீனுக்கு அவளை அறவே பிடிக்காது. நல்ல பெண் என்றால் போரடிக்கும் என்பது அவள் கணக்கு. அக்காவிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க வேண்டிவந்த ஒரு நாளில்தான் ஐவி யாரென்று தெரிகிறது: சூனியக்காரி ஆவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறவள். பிள்ளைகளின் நட்பைப் பெரியவர்கள் ஏற்பாடு செய்ய முடியாது என்பதை இத்தனை சிரிப்போடு சொன்ன புத்தகம் குறைவு. இரண்டு பேரும் செய்கிற விஷமம் சில வீடுகளில் எடுபடாது, அது வேறு விஷயம்.

எந்தப் புத்தகங்களைத் தவிர்ப்பீர்கள்?

ஒருவரே எப்போதும் முடிவெடுத்து, இன்னொருவர் எப்போதும் பின்னால் வருகிற கதைகளை. குண்டானவன் என்றால் தின்று விழுபவன், கண்ணாடி போட்டவன் என்றால் கோழை என்று ஒருவனைச் சிரிப்புக்கென்றே வைத்திருக்கும் கதைகளை. இவை நம் ஊரிலும் நிறைய உண்டு. தன்னைத் துன்புறுத்தியவனுக்கு ஏதாவது உபகாரம் செய்து, அதனால் அவன் நண்பனாகிறான் என்று முடிகிற கதைகளிலும் எனக்குச் சந்தேகம்: அடி வாங்குகிற பிள்ளை அதைப் படித்துவிட்டு, நான் இன்னும் நல்லவனாக இருந்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம், கடைசிப் பக்கத்தில் நீதியைக் கட்டம் கட்டிப் போடும் புத்தகங்கள். கதை சொல்லத் தெரிந்தவருக்கு அந்தக் கட்டம் எதற்கு?

படங்கள் இத்தனை இருந்தால் பிள்ளை படத்தைப் பார்த்தே ஊகித்துவிடாதா?

சொல்லைப் படத்தை வைத்து ஊகிப்பது பழக்கமானால் சிக்கல்தான். எழுத்தைக் கூட்டி வாசிக்கத்தான் பழக்க வேண்டும். ஆனால் நல்ல படம் சொல்லைக் காட்டிக்கொடுக்காது, சொல்லில் இல்லாததைக் காட்டும். லோபல் பச்சையும் பழுப்பும் கலந்த அடங்கிய நிறங்களிலேயே வரைந்தார். தேரை கடிதம் வராமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் படத்தில் இருவரின் தோள்களையும் பாருங்கள். எழுத்தில் 'சோகம்' ஒரு சொல். படத்தில் அது உடம்பு முழுக்க இருக்கிறது. வாசித்து முடித்த பக்கத்தில் கொஞ்சம் நின்று படத்தைப் பார்க்க விடுங்கள், அவசரமாகத் திருப்பாதீர்கள்.

கூட உட்கார்ந்து வாசிப்பதா, தானே வாசிக்க விடுவதா?

முதலில் கூட. இரண்டு பாத்திரங்கள் என்பதால் ஒரு வசதி: நீங்கள் தவளை, பிள்ளை தேரை. பேச்சு வரிகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம். தவறாக வாசித்தால் உடனே திருத்தாமல் வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். பொருள் உதைக்கும்போது பிள்ளையே திரும்பிப் பார்க்கும். ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை தானே வாசிக்க இன்னும் எளிதான ஒன்று கொடுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம்.

முடித்ததும் கேள்வித்தாள் வேண்டாம். 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று கேட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். புதிதாகக் கொடுக்கட்டுமா?

வாசிக்கட்டும். சரளம் வருவது அப்படித்தான்.

என் பையனுக்கு நண்பர்களே இல்லை. நட்புக் கதை கொடுத்தால் ஏக்கம் அதிகமாகாதா?

சில பிள்ளைகளுக்கு ஆகலாம். அவர்களுக்கு முதலில் சிந்தியா ரைலண்டின் 'ஹென்றி அண்ட் மட்ஜ்' கொடுத்துப் பார்க்கலாம். 1987-இல் தொடங்கிய வரிசை. ஹென்றிக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, தெருவில் நண்பர்களும் இல்லை. அப்பா அம்மாவைக் கெஞ்சி ஒரு நாய் வாங்குகிறான். குட்டியாக வந்த மட்ஜ் வளர்ந்து 180 பவுண்டு, அதாவது 80 கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. அதோடு பள்ளிக்கு நடந்துபோகும் ஹென்றிக்கு இருந்த பயமெல்லாம் குறைகிறது. தனிமை முதல் பக்கத்திலேயே வெளிப்படையாக இருப்பதால், தன்னைப் போல ஒருவன் புத்தகத்தில் இருக்கிறான் என்று பிள்ளைக்குத் தெரியும்.

அடுத்து, கடிதக் கதை. தனக்கு யாருமே கடிதம் போடுவதில்லை என்று தேரை தினமும் தபால் நேரத்தில் சோர்ந்து உட்காரும். தவளை வீட்டுக்கு ஓடி ஒரு கடிதம் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்க நத்தையிடம் தருகிறது. நத்தை! பிறகு தேரையோடு காத்திருந்து பொறுக்க முடியாமல், நான்தான் எழுதினேன், இதுதான் எழுதினேன் என்று சொல்லியும் விடுகிறது. கடிதம் வந்துசேர நான்கு நாள். உள்ளே இருப்பது தெரிந்த பின்னும் இருவரும் வாசலில் சந்தோஷமாகக் காத்திருக்கிறார்கள். நட்பைத் தேடுகிற பிள்ளைக்கு இதில் செய்துபார்க்கக் கூடிய ஒன்று இருக்கிறது: யாருக்காவது ஒரு சீட்டு எழுதலாம். ஆனால் பள்ளியில் பிள்ளையை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்றால் புத்தகத்தோடு நிறுத்தாமல் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

தமிழில் இந்த மாதிரி உண்டா?

படப்புத்தகம் நிறைய வந்துவிட்டது. சென்னையிலிருந்து தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் என்று தேடினால் கிடைக்கும். பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை நான்கு நிலையாகப் பிரித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், தமிழிலும். தமிழக அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகையாகப் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பெயர்களே அழகு. ஆனால் அதே இரண்டு நண்பர்கள், ஐந்து கதை, 64 பக்கம் என்கிற நடுத்தர அளவில், புத்தகத்துக்குப் புத்தகம் தொடரும் வரிசை நம்மிடம் மிகக் குறைவு. படப்புத்தகத்திலிருந்து நேராகச் சிறுவர் நாவலுக்குத் தாவச் சொல்கிறோம். நடுவில் பல பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள், திரும்புவதில்லை.

எழுதுவதில் நமக்கே உரிய சிரமங்களும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று குட்டிச் சொல்லாக நிற்பது தமிழில் 'ஓடிக்கொண்டிருந்தது' என்று ஒரே நீளச் சொல்லாகிவிடும். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை பாதியில் தொடக்கத்தை மறந்துவிடும். 'ஓடியது' என்றால் போதும் என்ற இடத்தில் 'ஓடியது' என்றே எழுதலாம். வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று என்பதும் தடை. உரையாடலையாவது பேச்சுக்கு நெருக்கமாக வைத்தால் பிள்ளைக்குக் காது உதவும். அப்புறம் வரி உடைப்பு. 'ஐ கேன் ரீட்' புத்தகங்களில் வரி ஓரத்தைத் தொட வேண்டும் என்று கட்டாயமில்லை, மூச்சு விடுகிற இடத்தில் உடைந்துவிடும். நம் புத்தகங்களில் இரண்டு பக்கமும் நேராக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லையே நடுவில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுகிறார்கள். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

ஆங்கிலத்தில் வாங்கி, தமிழில் சொல்லிக் காட்டலாமா?

தாராளமாக. வாய்மொழியாகச் சொல்லும்போது வரிக்கு வரி போக வேண்டாம். ஐஸ் டீ மோராகட்டும், சாண்ட்விச் தோசையாகட்டும். நண்பர்கள் இருவரின் குணத்தை மட்டும் மாற்றாதீர்கள். தேரை சிடுசிடுக்கட்டும்.

நான்கு புத்தகத்தில் எதிலிருந்து தொடங்குவது?

வெளிவந்த வரிசையில் போக வேண்டும் என்று அவசியமில்லை, ஒவ்வொரு கதையும் தனித்தே நிற்கும். சிரிப்பு பிடிக்கிற பிள்ளைக்கு இரண்டாவது புத்தகத்தின் பிஸ்கட் கதை நல்ல ஆரம்பம். தின்பதை நிறுத்த மன உறுதி வேண்டும் என்று, பிஸ்கட்டைப் பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, ஏணி வைத்து உயரத்தில் ஏற்றி, கடைசியில் பறவைகளுக்கே தவளை போட்டுவிடுகிறது. சரி, மன உறுதியை நீயே வைத்துக்கொள், நான் வீட்டுக்குப் போய்க் கேக் செய்யப்போகிறேன் என்று தேரை கிளம்பிவிடும். அமைதியான பிள்ளைக்கு முதல் புத்தகத்தின் கடிதக் கதை. தனித்தீவுக் கதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரையும் நன்றாகத் தெரிந்த பிறகுதான் அது பிடிபடும்.